தோடம்பழக் கோடியல் போத்தல்

எங்கள் தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவில் மயிலம்மாவைப் பற்றி ஒரேயொரு செய்திதான் வந்தது. ‘மூண்டாம் மாடியில வேலைக்கு வாற மயிலம்மா குடிக்கிறவ. எங்கட பிரிட்ஜுக்குள்ளயே சாராயத்தை ஒளிச்சு வைச்சவ. வேலைக்கு எடுத்திருக்கிற ஆக்கள் கவனம்.’ அதற்குக் கீழே பதினொரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது.

அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. என் பெயர் மஸாஹிரா. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் அழிறப்பரைக் களவெடுத்துவிட்டது என்று முறைப்பாடு வந்தால், இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி, பெட்டியைத் திறந்து பார்த்து, பக்கத்து வாங்குப் பிள்ளையையும் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்வேன். ஓர் அழிறப்பருக்காக அவ்வளவு விசாரித்தவள் நான். மயிலம்மாவுக்காக ஒரு நிமிடம்கூட விசாரிக்கவில்லை.

மயிலம்மாவை இங்கே ‘அவர்’ என்றே எழுதுகிறேன். எங்கள் கட்டடத்தில் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அவர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினாலு வயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தார். பிள்ளை பார்க்க என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். வந்து சேர்ந்த மறுநாளே அடுப்படியும் அவர் தலையில் விழுந்தது. ஒருநாள் பருப்புக்கு உப்புச் சரியா என்று பார்க்க, அகப்பையை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்த்திருக்கிறார். எந்தச் சமையற்காரரும் செய்கிற காரியம். வீட்டுக்காரி அதைக் கண்டுவிட்டாள். “எங்கட சாப்பாட்டில உன்ர எச்சிலா?” என்று அதே அகப்பையால் விரல் மொழிகளில் அடித்தாளாம். அன்றிலிருந்து மயிலம்மா எந்த வீட்டிலும், எந்தக் கறியையும், ஒரு சொட்டுக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. எல்லாம் மூக்கால்தான்.

“உப்புக்கு மணம் எங்க ஈக்கு மயிலம்மா?” என்று நான் ஒருநாள் சிரித்தேன்.

“கொதிக்கிறப்ப இருக்குங்க டீச்சரம்மா. ஒங்களுக்குத் தேவைப்படல, அதுனால தெரியல” என்றார்.

எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. முப்பத்தெட்டு வருடமாக ஒரு மனுஷி தான் சமைத்ததை ருசி பார்க்கப் பயந்துகொண்டு சமைக்கிறார் என்பதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று இப்போது என்னை நானே கேட்கிறேன்.

அவருடைய கணவர் இருளப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தூக்கிய களைப்புக்கு முதலில் சாராயம், பிறகு சாராயத்துக்குக் காசு கட்டாமல், களவாகக் காய்ச்சிய கசிப்பு. நாற்பது வயது ஆகுமுன்னே ஒரு காலை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முச்சக்கர வண்டிக்குள், மயிலம்மாவின் மடியில் தலை வைத்தபடி மௌத்தாகிப் போனார். “அந்த வாடை இன்னும் மூக்குக்குள்ள இருக்குங்க” என்று ஒரேயொரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, காலை ஏழு மணிக்கெல்லாம் வெள்ளவத்தையில் எங்கள் படியில் நிற்பார். எங்கள் கட்டடத்தில் அவருக்கு மூன்று வீடு. என் வீடு, எனக்கு நேர் எதிர்க் கதவு பொன்னம்பலம் வீடு, நாலாம் மாடியில் பல் வைத்தியர் வீடு. ஆறு வருடம் அப்படி ஓடியது.

அவர் கை வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது தேசிக்காய் பிழிவது. அவர் அதை எலுமிச்சை என்பார். முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போடுவார். எடுத்துத் துடைத்து, பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுவார். நடுவால் இரண்டாக வெட்ட மாட்டார். நடுத்தண்டை விட்டு, பக்கத்துக்குப் பக்கம் கன்னம் கன்னமாகச் சீவி எடுப்பார். விதை தண்டோடு நின்றுவிடும். பிறகு மெல்லப் பிழிவார், முக்கால்வாசி. கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் தோலின் கைப்பு சாற்றுக்குள் இறங்கிவிடும் என்பார். என் வீட்டில் நோன்பு திறக்க அவர் கரைத்து வைத்துவிட்டுப் போகும் தேசிக்காய்த் தண்ணீருக்கு ஈடாக நான் எங்கேயும் குடித்ததில்லை.

இனிப் பொன்னம்பலம் வீடு. அவர் அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்றில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தொடர்மாடிக் குழுவின் செயலாளர். நெற்றியில் மூன்று குறி விபூதி இல்லாமல் அவரை லிப்டில் கண்டதில்லை. மனைவி துஷ்யந்தி நல்ல உபசாரி. கதவைத் திறந்தால் ஒன்றும் குடிக்காமல் போக விடமாட்டா. வீடு துஷ்யந்தியின் அண்ணன் பெயரில் இருக்கிறது. அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கோயில் தர்மகர்த்தா. அவர் கொழும்புக்கு வருகிறார் என்றால், அந்த வீட்டில் இரண்டு நாளுக்கு முன்பே முட்டைகூடக் காணாமல் போய்விடும். அப்படி ஒரு பயபக்தி. பொன்னம்பலம் குடிப்பார் என்று கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. என் மூக்கு நீளம் என்று என் பிள்ளைகளே சொல்வார்கள், எனக்கே தெரியாது.

போன நோன்புப் பெருநாள். நானும் வழக்கம்போல எதிர் வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டுபோனேன். பின்நேரம் நாலு மணி, வெயில் சுட்டெரித்தது. மயிலம்மா என் குசினியில் பெரிய சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு ஹோலில் துஷ்யந்தியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார், அன்று காலைதான் வந்து இறங்கியவர். பொன்னம்பலம் அவருக்கு முன்னால் நல்ல பிள்ளை மாதிரிக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

“இந்த வெய்யிலுக்குள்ள வந்திருக்கிறியள் டீச்சர், இருங்கோ, குளிரா ஏதும் குடிச்சிட்டுப் போங்கோ” என்று துஷ்யந்தி பிரிட்ஜைத் திறந்து பழரசப் பாணியான தோடம்பழக் கோடியல் போத்தலை எடுத்தா. கிளாஸில் பாதி ஊற்றி, மீதிக்குத் தண்ணீரும் ஐஸும் போட்டுத் தந்தா. நல்ல தாகம். மூன்று மடக்கு உள்ளே போன பிறகுதான் தொண்டை சுட்டது. மூக்கில் ஏதோ ஏறியது. கிளாஸை மேசையில் வைத்து, “இது எனத்த துஷ்யந்தி?” என்று கேட்டேன். அவ போத்தலை முகர்ந்து பார்த்தா. முகம் வெளிறிப் போனது.

ஒரு மாதம் நோன்பு பிடித்து, பெருநாள் அன்று, என் வாழ்நாளில் முதல் தடவையாக என் வாய்க்குள் சாராயம். வாஷ்பேசினுக்கு ஓடினேன். கொப்பளித்தேன், மறுபடி மறுபடி கொப்பளித்தேன். கண்ணெல்லாம் தண்ணீர். தெரியாமல் நடந்ததுக்கு அல்லாஹ் குற்றம் பிடிக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு தடவை கொப்பளித்தேன். நான் திரும்பி வந்தபோது அண்ணன் எழுந்து நின்றார். “இந்த வீட்டுக்குள்ள சாராயமோ?” என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

துஷ்யந்தி ஒரு கணம் கணவனைப் பார்த்தா. பிறகு, “ஐயோ, இது மயிலம்மாவின்ர வேலை அண்ணா. தோட்டத்து ஆக்கள் எல்லே. குடிச்சுப் பழகினதுகள். இங்க கொண்டுவந்து ஒளிச்சு வைச்சிருக்கிறாள்” என்றா.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆறு வருடமாக மயிலம்மா என் வீட்டில் நிற்கிறார். இருளப்பன் எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரியும். ‘மயிலம்மாவா? சும்மா விசர்க் கதை கதைக்காதீங்க’ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ‘தோட்டத்து ஆக்கள்’ என்ற அந்த இரண்டு சொல்லும் எனக்குப் போதுமாக இருந்தது. இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று, “மயிலம்மா! இங்க வா!” என்று கத்தினேன்.

அவர் சவர்க்கார நுரைக் கையோடு ஓடி வந்தார். நான் அந்தப் போத்தலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மணந்த உடனே இரண்டடி பின்னால் போனார்.

“நான் இதத் தொடமாட்டேங்க டீச்சரம்மா. ஒங்களுக்குத் தெரியாதா? ஐயாவக் கேளுங்க” என்றார்.

நான் பொன்னம்பலத்தைப் பார்த்தேன். அவர் மச்சானைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்து, “எனக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது” என்றார்.

பெரிய மனுஷன், விபூதி பூசினவர், பொய் சொல்வாரா என்று நினைத்தேன். படிப்பித்த புத்தி வேறு எனக்கு. மயிலம்மாவைப் பார்த்து, “வாயத் திற. ஊது” என்றேன்.

ஐம்பத்திரண்டு வயது மனுஷியை, இரண்டு வீட்டுக் கதவும் திறந்து கிடக்க, படியில் போகிறவர்கள் நின்று பார்க்க, வாயைத் திறந்து ஊதச் சொன்னேன். அவர் ஊதினார். வெற்றிலை மணம்தான் வந்தது, வேறு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும், “நாளைக்கி வராத” என்று சொன்னேன். நுரை காயாத கையோடு அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாதி தேய்த்த சட்டி என் குசினியில் கிடந்தது. அன்று இரவே துஷ்யந்தியின் செய்தி குழுவில் வந்தது, நான் கட்டைவிரலை உயர்த்தினேன், நாலாம் மாடிப் பல் வைத்தியரும் அவரை நிறுத்திவிட்டார். மூன்று வீடும் ஒரே நாளில் போயிற்று.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை பின்நேரம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். பொன்னம்பலம் நின்றார். துஷ்யந்தி அண்ணனின் கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தா. மனுஷன் சாரமும் பெனியனுமாக, கண் கொஞ்சம் சிவந்து, கையில் நசுங்கிய தேசிக்காய்ப் பாதி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், குறை நினையாதேங்கோ. மயிலம்மா தேசிக்காய் எப்பிடிப் புழியிறவ எண்டு உங்களுக்குத் தெரியுமே? நான் புழிஞ்சா ஒரே கைப்பாக் கிடக்கு.”

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் தெரிந்த ஒன்றைக் கேட்டால் சொல்லிவிடுவது என் பழக்கதோஷம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் போடுவதையும், உருட்டுவதையும், கன்னம் கன்னமாகச் சீவுவதையும், முக்கால்வாசியோடு நிறுத்துவதையும் சொன்னேன்.

“ஓ! அதுதான் சங்கதி! நான் மெஷினுக்குள்ள வைச்சுக் கடைசிச் சொட்டு வரைக்கும் நெரிச்சனான். சும்மா தண்ணியெண்டா அவ்வளவு தெரியாது டீச்சர். சாராயத்துக்குள்ள விட்டா அந்தக் கைப்பு எழும்பி நிக்குது” என்றார்.

ஒரு பிள்ளை தானாகச் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கு அனுபவம். அவரும் நான் எல்லாம் அறிந்தவள் என்று நினைத்தாரோ, உள்ளே போயிருந்த சாராயம் பேச வைத்ததோ, வாசலில் நின்றபடியே செய்முறை வகுப்பு நடத்தத் தொடங்கினார்.

“இது ஒரு சின்னக் கொக்டெய்ல் டீச்சர். என்ர ரிட்டயர்மன்ட் பார்ட்டியில ஹோட்டல்ல குடிச்சனான், அண்டையில இருந்து வீட்டில செய்யிறன். ரெண்டு பங்கு சாராயம், ஒரு பங்கு தேசிக்காய்ச் சாறு, அரைப் பங்கு சீனிப்பாணி. ஐஸோட ஜாம் போத்திலுக்குள்ள போட்டு, கை விறைக்கிற வரைக்கும் குலுக்க வேணும். வடிச்செடுத்து, தோடம்பழத் தோலில ஒரு துண்டு சீவி, முறுக்கி மேல போட்டாச் சரி. வேற ஒண்டும் இல்லை. ஆனா மயிலம்மாவின்ர சாறும் பாணியும் இல்லாமல் சரிவருகுதில்லை. அவ பாணி காய்ச்சி இறக்கேக்க அதுக்குள்ளயும் ஒரு தோல் போட்டு எடுப்பா. சனிக்கிழமையில எல்லாத்தையும் அளந்து மேசையில வைச்சிடுவா. நான் குலுக்கிறது மட்டுந்தான்.”

“சாராயத்தையும் மயிலம்மாதானா அளந்து வெச்ச?” என்று கேட்டேன். குரலை மிகவும் மெல்லமாக வைத்துக்கொண்டேன்.

“சீச்சீ! அந்தப் போத்திலை அவ தொடவே மாட்டா. முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னவ, இத மட்டும் என்னத் தொடச் சொல்லாதீங்க ஐயா எண்டு. நான் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே பல்கனிக்குப் போய் நிண்டிடுவா. புருஷன் குடிச்சுச் செத்தவர் எல்லே” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

“அப்ப பெருநாளைக்கி அந்தப் போத்தல்ல ஈந்தது யாருட சாமான் மிஸ்டர் பொன்னம்பலம்?”

அவர் தேசிக்காய்த் தோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “மச்சான் திடீரெண்டு வாறன் எண்டு போன் எடுத்தவர் டீச்சர். கலந்து வைச்ச ஜக்கை எங்க கொண்டுபோய் வைக்கிறது? வெளியில ஊத்தவும் மனம் வரேல்ல. கோடியல் போத்தில் ஒண்டு வெறுமையாக் கிடந்தது. துஷ்யந்திக்கு அது தெரியாது, சத்தியமாத் தெரியாது. அவ நல்லெண்ணத்திலதான் உங்களுக்கு ஊத்தித் தந்தவ.”

“துஷ்யந்திக்குத் தெரியா. சரி. ஒங்களுக்குத் தெரியுமே! ஐயாவக் கேளுங்கண்டு அந்த மனிசி ஒங்களத்தானே கைகாட்டினா! ஒண்டும் தெரியாதுண்டு செல்ல நாக்கு எப்படிப் பொரண்டிச்சி ஒங்களுக்கு?”

“அவர் கோயில் மனுசன் டீச்சர். தங்கச்சியைக் குடிகாரனுக்குக் கட்டிக் குடுத்திட்டன் எண்டு நினைச்சா நான் என்ன செய்யிறது? வீடும் அவற்ர பேரில எல்லே கிடக்கு. மயிலம்மாவுக்கு இப்ப வேற வீடு கிடைச்சிருக்கும். நல்ல வேலைகாரி, எங்கயும் எடுப்பினம்.”

அந்தக் கடைசி வசனம்தான் என்னை வெறி பிடிக்க வைத்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் பாருங்கள்! இவர் குடிக்கலாம். வாரா வாரம் குடிக்கலாம். அதற்குச் சாறு பிழிய ஓர் ஆள், பாணி காய்ச்ச ஓர் ஆள், பிடிபட்டால் பெயரைக் கெடுத்துக்கொள்ளவும் அதே ஆள். எனக்குக் குடிகாரர்கள் மேல்கூட அவ்வளவு கோபம் வந்ததில்லை. இருளப்பன் குடித்தார், குடித்ததைக் குடித்தேன் என்று சொல்லிக்கொண்டே செத்தார். இந்த மனுஷன் மற்றவரின் பெயரில் குடித்தார். கட்டடம் முழுவதும் கேட்கட்டும் என்றே கத்தினேன்.

“குழுவில எழுதுங்க. இப்பவே எழுதுங்க. போத்தல் எண்ட, மயிலம்மாட இல்லண்டு எழுதுங்க.”

“மச்சானும் அந்தக் குழுவில இருக்கிறார் டீச்சர்...”

“அவர் படிக்கத்தான் எழுதச் செல்ற!”

அவர் எழுதவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அதனால் நானே எழுதினேன். ‘பெருநாள் அன்று நான் குடித்தது பொன்னம்பலம் அவர்கள் தமக்காகக் கலந்து, தாமே கோடியல் போத்தலில் ஊற்றி வைத்த சாராயம். மயிலம்மா அதைத் தொட்டதில்லை. இதைப் பொன்னம்பலம் அவர்களே என்னிடம் சொன்னார். மயிலம்மாவைப் பற்றி இங்கே எழுதப்பட்டது பொய். அந்தப் பொய்க்கு நானும் கைகொடுத்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.’ ஒரு தடவை எழுத்துப்பிழை பார்த்தேன். அனுப்பினேன்.

எத்தனை பேர் படித்தார்கள் என்று போனில் தெரிந்தது. இருபத்தாறு பேர். ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. மயிலம்மா குடிக்கிறவ என்றபோது உயர்ந்த பதினொரு கட்டைவிரலில் ஒன்றுகூட இப்போது உயரவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ ரோஜாப்பூப் படம் போட்டு ‘இனிய மாலை வணக்கம்’ என்று அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒருவர் தண்ணீர் மோட்டார் எப்போது திருத்துவார்கள் என்று கேட்டார். என் செய்தி மேலே போய் மறைந்துவிட்டது.

துஷ்யந்தி மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தா. அழுதுகொண்டே, “அயலுக்குள்ள இப்பிடிச் செய்யலாமே டீச்சர்? நாங்கள் உங்களுக்கு மரியாதை குடுத்துத்தானே அவளை அண்டைக்கே நிப்பாட்டினாங்கள்” என்றா.

“எண்ட பேரச் செல்லியா அவள நிப்பாட்டினீங்க? எனக்கு அந்த மரியாதை வாணாம், நீங்களே வெச்சிக்கோங்க” என்று போனை வைத்தேன். ஆனால் அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பொய்தான் சொன்னார்கள். ஊதச் சொன்னது நான்.

மயிலம்மாவுக்கு மூன்று தடவை போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு வெளிக்கிட்டேன். அவர் ஆறு வருடம் வந்து போன அதே வழியில், புறக்கோட்டையில் பஸ் மாறி, கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். இரண்டாவது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. அறுபத்து நாலு வயதில் என் முழங்கால் கெஞ்சியது. இந்த வழியால் தினமும் வந்த மனுஷியிடம் பத்து நிமிடம் பிந்தினால் மணிக்கூட்டைக் காட்டியிருக்கிறேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு முடுக்கு. மூன்று பேரிடம் கேட்டு அறையைக் கண்டுபிடித்தேன். மயிலம்மா வாசலில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். புதுக்கடைப் பகுதியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு உரித்துக் கொடுக்கிறாராம், மூட்டைக் கணக்கில். என்னைக் கண்டதும் எழுந்தார். ஆச்சரியப்படவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. “வாங்க டீச்சரம்மா” என்று உள்ளே ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

நான் வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு வந்தவள். ஒன்றும் வரவில்லை. “எல்லாம் தெரிய வந்திட்டு மயிலம்மா. அந்தாள் தானே செல்லிட்டார். பிழை எண்டதான். என்ன மன்னிச்சிக்கோ... மன்னிச்சிக்கோங்க” என்றேன். ஆறு வருடத்தில் அவரோடு நான் கதைத்த முதல் மரியாதைச் சொல் அதுதான்.

அவர் கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டார்.

“ஐயா சொல்லமாட்டார்னு எனக்கு அப்பவே தெரியுங்க. அவரு பயந்த மனுசன். அம்மா சொன்னதுகூட எனக்குப் பெருசாப் படல. நீங்க ஊதச் சொன்னீங்க பாருங்க. அதத்தான் தாங்க முடியல. குடிகாரன் பொண்டாட்டின்னு இந்த முடுக்குல எத்தன பேரு சொல்லியிருக்காங்க, காது குடுத்து கேட்டிருக்கேன். குடிகாரின்னு என்னைய யாரும் சொன்னதில்லீங்க. எங்க வீட்டுக்காரரு செத்த அன்னைக்குக்கூட நான் தலையக் குனிஞ்சு படியெறங்கல.”

“திரும்பி வாங்க மயிலம்மா. எண்ட வீட்டுக்கு மட்டுமாவது வாங்க. குழுவில எல்லாம் எழுதிப் போட்டீக்கிறேன்.”

“எழுதினது நல்லதுங்க. ஆனா வரமாட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் கேட்டால் வெங்காயம் இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொல்வதைப் போலச் சொன்னார். “இங்க வெங்காயம் உரிக்கிறேன். கண்ணு எரியும், அவ்வளவுதான். யாரும் வாய மோந்து பாக்க மாட்டாங்க.”

எழும்பப் பார்த்தேன். “இருங்க டீச்சரம்மா, வெயில்ல வந்திருக்கீங்க” என்று என்னை உட்கார வைத்தார். ஒரு கூடையிலிருந்து இரண்டு எலுமிச்சை எடுத்தார். சட்டியில் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கிப் போட்டார். துடைத்தார், உருட்டினார், கன்னம் கன்னமாகச் சீவினார். முக்கால்வாசி பிழிந்து தோலை ஒதுக்கினார். சீனி, ஒரு சிட்டிகை உப்பு, பானைத் தண்ணீர். கரண்டியால் கலக்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். எனக்குப் பழக்கமான மயிலம்மா. நெஞ்சு கொஞ்சம் ஆறியது. கையை நீட்டினேன்.

அவர் கிளாஸைத் தரவில்லை. சுவரோரம் கிடந்த சின்னப் பீங்கான் கோப்பையை எடுத்து, கிளாஸிலிருந்து இரண்டு மடக்கு அதற்குள் ஊற்றினார். எனக்கு நேரே நின்று, நான் பார்க்கப் பார்க்க, அதைக் குடித்தார். விழுங்கினார். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். எந்த வீட்டிலும் ஒரு சொட்டை வாயில் வைத்துப் பார்க்காத மனுஷி.

“ஒண்ணுமில்லீங்க. வெறும் எலுமிச்சதான்” என்று சொல்லி, கிளாஸை என் கையில் தந்தார். “இப்ப குடிங்க டீச்சரம்மா.”